போ என்று சொல்லும்வரை

ஆண்டியப்பனை யாராவது நிறுத்திப் பேசினால், பேசியவர் "சரி, போ" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை அவர் அந்த இடத்தைவிட்டு அசைய மாட்டார். தேயிலைத் தோட்டத்துக் கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் எல்லோரும் பல வருஷமாகப் பார்த்த பழக்கம் அது. இறம்பொடைக் கடைவீதியில் பாவாவின் கடையில் வெற்றிலை வாங்கினால்கூட, சாமான் கைக்கு வந்த பிறகும் தலைத்துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நிற்பார். "உத்தரவு குடுத்தாச்சு அண்ணே, நடங்க" என்று பாவா சிரித்தால்தான் கால் எழும்பும். லயத்துப் பெண்கள் வேண்டுமென்றே அவரிடம் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தண்ணீர் பிடிக்கப் போவார்கள். குடத்தோடு திரும்பி வரும்போது மனுஷர் அங்கேயே நிற்பார்.

அதைப் பயம் என்பதா, மரியாதை என்பதா? அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். பன்னிரண்டு வயதில் மலைக்கு வந்தவர். துரைக்கும் வேலை வாங்கும் கணக்கப்பிள்ளைக்கும் முன்னால், அனுப்பும்வரை நிற்பதுதான் முறை என்று கால்கள் படித்துக்கொண்டன. அதற்குப் பிறகு ஆள் பார்த்து நிற்க அவற்றுக்குத் தெரியவில்லை.

தோட்டத்தில் தப்புப் பறை அடிப்பது அவர் வேலை. விடியுமுன் அந்தச் சத்தம் கேட்டால் அத்தனை பேரும் பெயர் கொடுக்கப் பெரட்டுக் களத்துக்கு ஓட வேண்டும். பிந்தினால் அரைப்பேர், பாதி நாள் கூலி போய்விடும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தேழாம் வருஷம் ஆனி மாதத்தில் பதினொரு நாள் மழை விடவில்லை. பன்னிரண்டாம் நாள் ஞாயிறு, பெரட்டு இல்லாத நாள். மத்தியானம் லயத்தின் கோடி வீடான கடைசிக் காம்பிராவிலிருந்து ரத்னா அவரைக் கூப்பிட்டாள். பிள்ளை பெற்று ஒன்பது நாள்தான் ஆகியிருந்தது. காய்ச்சல் வேறு. புருஷன் அழகுமுத்து அரிசி வாங்கக் கடைவீதிக்கு இறங்கியிருந்தான். மலைப்பக்கச் சுவரின் அடியில் செம்மண் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது.

"பாயில காத வச்சுப் படுத்தா, உள்ளுக்குள்ள என்னமோ அரைக்கிற மாதிரி கேக்குதுண்ணே," என்றாள்.

ஆண்டியப்பன் மேலே ஏறிப் பார்த்தார். தேயிலை நிரைகளுக்குக் குறுக்கே நீளமாக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. முழங்கைவரை கை நுழைந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விளிம்பில் நின்ற செடியொன்று மெல்லத் தலை சாய்ந்தது.

இறங்கி வந்து வாசல் வாசலாகச் சொன்னார். ஒருவரும் அசையவில்லை. மழைக்கு மலை வெடிப்பது வருஷா வருஷம் நடப்பதுதானே என்றார்கள். அடுப்பின் முன் குந்தியிருந்த பெரியதம்பி மட்டும் உள்ளதைச் சொன்னார். போன வருஷம் இப்படியொரு மழையில், கேட்காமல் தேயிலை ஸ்டோருக்குள் ஒதுங்கிய மூன்று குடும்பங்களுக்குத் துரை சீட்டுக் கொடுத்துத் தோட்டத்தைவிட்டே விரட்டியிருந்தார்.

"மலை வந்தாப் பாத்துக்கலாம்ப்பா. சீட்டு வந்தா எங்க போறது?"

இவர்கள் எதற்கு எழுந்திருப்பார்கள் என்பது அப்போது ஆண்டியப்பனுக்கு விளங்கிற்று. நேரங்கெட்ட நேரத்தில் தப்பை எடுத்தால் முதல் சீட்டு தனக்குத்தான் என்பதும் விளங்கிற்று. பிள்ளை பெற்றவளுக்குப் பெரட்டு கிடையாது. சத்தம் கேட்டாலும் ரத்னா வெளியே வர மாட்டாள், நடக்கவும் முடியாது. அதனால் அவளிடம் போய்ச் சொன்னார்.

"தப்பு அடிப்பேன். நீ எந்திரிக்காத. எல்லாரும் வெளிய வந்ததும் ரெண்டு பொம்பளைங்களக் கூட்டியாந்து, ஒன்னையும் புள்ளையையும் தூக்கிக்கிட்டுப் போறேன்."

அவள் தலையை ஆட்டினாள்.

களத்தில் நின்று அவர் அடித்த அடி ஒழுங்கான அடியாகவே இல்லை. ஆனாலும் கதவுகள் திறந்தன. ஞாயிறு என்று யாரும் யோசிக்கவில்லை. கம்பளியைத் தலையில் போட்டுக்கொண்டு, பாதிச் சோற்றில் கையை உதறிவிட்டு, ஓடி வந்து வரிசையில் நின்றார்கள்.

கணக்கப்பிள்ளை முத்துலிங்கம் குடையோடு வந்தார். யாரைக் கேட்டு அடித்தாய் என்று ஆரம்பித்தார். ஆண்டியப்பன் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார். மலை வெடித்திருப்பதைச் சொன்னார், கடைசிக் காம்பிராவில் ஆள் இருப்பதையும் சொன்னார். கணக்கப்பிள்ளை காதில் வாங்கவில்லை. துரைக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டார். வரிசையை ஒரு தரம் நடந்து பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அதையே மறுபடியும் கேட்டார். ஆண்டியப்பன் நின்றார். மழை கண்ணில் வழிந்தது. லயத்தின் கடைசிக் கதவு அவருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. போக வேண்டும் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது, கால் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று பிறகு யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் இருக்கலாம்.

பிறகு அவர் திரும்பினார். கணக்கப்பிள்ளைக்கு முதுகைக் காட்டி நடந்தார்.

"நில்லுடா," என்றார் முத்துலிங்கம்.

ஆண்டியப்பன் ஓடினார். பாதி தூரம் போவதற்குள் மலை இறங்கிவிட்டது.

பதினாறு காம்பிராக்களும் மண்ணுக்குள் போயின; பதினைந்தில் ஆள் இல்லை. காத்திருந்து பார்த்த ரத்னா, பிள்ளையை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தானாகவே வாசற்படிவரை தவழ்ந்து வந்திருந்தாள். உத்திரம் அவள் காலில் விழுந்து கிடந்தது. ஆண்டியப்பன் நகம் பிய்யத் தோண்டி இருவரையும் உயிரோடு எடுத்தார். பிள்ளைக்கு ஒரு கீறலும் இல்லை. ரத்னாவுக்கு ஒரு கால் மட்டும் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது.

தப்படிக்கச் சொன்னது தான்தான் என்று முத்துலிங்கம் துரையிடம் சொல்லிக்கொண்டார். அதனால் ஆண்டியப்பனுக்குச் சீட்டு வரவில்லை. அவரும் மறுக்கவில்லை. ஆனால் அன்றோடு அந்தப் பழக்கம் போயிற்று. கணக்கப்பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு நடந்துவிடுவார். எல்லோரும் அதை வியப்போடு பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்னா அவரிடம் ஒன்று கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை.

"தப்புச் சத்தம் நின்னப்புறம் ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு இருந்தேண்ணே. எங்க நின்னீங்க?"

அவர் எழுந்து வெளியே வந்துவிட்டார். இரண்டு வருஷம் அவள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தார், விறகு வெட்டிப் போட்டார். குடத்தை இறக்கும்போதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்து வாயைத் திறப்பார். பிறகு விறகு ஈரம் என்றோ, பிள்ளை வளர்ந்துவிட்டது என்றோ எதையாவது சொல்வார். அவளும் மறுபடி கேட்கவில்லை. முப்பத்தொன்பதில், மார்கழிக் குளிரில், சளி நெஞ்சில் கட்டி ஆண்டியப்பன் செத்துப்போனார். ரத்னாவுக்கு அவர் சொல்ல வேண்டியிருந்த பதில் அப்படியே நிற்கிறது.