நீலம் பூசாத தாழ்வாரம்

எங்கள் தீவில் நீலம் பூசாத தாழ்வாரம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எவலீனா விக்ஃபால் அக்காவுடையது. மற்ற எல்லாரும் வீட்டு முன்தாழ்வாரத்தின் மேற்பலகையில், அண்ணாந்து பார்த்தால் தெரியும் பக்கத்துக்கு வெளிர்நீலம் அடித்துவிடுவோம். அது ஆவியின் கண்ணுக்குத் தண்ணீராகத் தெரியும், தண்ணீரை அது தாண்டாது, வீட்டுக்குள் வராது. குளவி கூடு கட்டாமல் இருக்கத்தான் என்று வெளியூர்க்காரர்களிடம் சொல்லிவைப்போம். என் வீட்டில் ஏழு பூச்சு. நான் சபையில் போதகருக்கு உதவும் டீக்கன், ஆவி கீவி எல்லாம் நம்புகிற ஆளில்லை. ஆனாலும் ஏழு பூச்சு.

அக்கா நண்டு ஆலையில் முப்பத்தோரு வருஷம் சதை பிரித்தவள். ஒரு நண்டை முடிக்க அவளுக்கு அரை நிமிஷம் போதும். அதற்குள் பக்கத்தில் இருப்பவளின் மாமியாரையும் சேர்த்துப் பிரித்துப் போட்டுவிடுவாள். ஞாயிறு காலை வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு ஆலய வாசலில் நின்று ஆட்களை இடம் பார்த்து உட்காரவைப்பாள். பிந்தி வந்தவனுக்கு அவள் பார்வையிலேயே பாதிப் பிரசங்கம் முடிந்துவிடும். பாட்டு மட்டும் வராது. வராது என்று யாரும் அவளிடம் சொன்னதில்லை, எங்களுக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

அவள் புருஷன் டைட்டஸும் நானும் ஒரே இறால் படகில் போனவர்கள். அவனுக்கு இடது காலில் சுண்டுவிரல் கிடையாது, வலை இழுக்கும் கம்பி கொண்டுபோய்விட்டது. இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால், ஒரு மார்ச் மாதம், நாங்கள் இருவர் மட்டும் போயிருந்தபோது, திடீரென்று அடித்த காற்றில் அவன் படகிலிருந்து விழுந்தான். உடல் கிடைக்கவே இல்லை. இருட்டும்வரை தேடினேன் என்று அக்காவிடம் சொன்னேன். சபை முழுக்க அதையே சொன்னேன். சபை எனக்காக அழுதது.

அதற்கு அடுத்த வாரம் அக்கா ஏணி போட்டு ஏறி, தன் தாழ்வாரத்து நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டாள்.

"ஏன்க்கா இப்படிப் பண்றே?" என்று கேட்டேன்.

"புருஷன் வீட்டுக்கு வர்ற வழியில யாராவது வேலி போடுவாங்களா தம்பி?"

அன்றிலிருந்து தினமும் விடிந்ததும் தாழ்வாரத்தைத் துடைப்பாள். மழையோ வெயிலோ, முதல் வேலை அதுதான். எதைத் துடைக்கிறாள் என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. நான் அந்தப் பக்கமே போகமாட்டேன்.

போன செப்டம்பரில் வந்த சூறாவளி அக்கா வீட்டின் கூரையையும் முன்சுவரையும் தாழ்வாரத்தையும் அள்ளிக்கொண்டு போனது. என் வீட்டிலும் பாதி போனது. அக்கா ஆலயக் கூடத்தில் ஒரு கட்டிலில் இருந்தாள். நவம்பரில் வடக்கே ஒஹையோவிலிருந்து, இடிந்த வீடுகளை இலவசமாகக் கட்டித்தரும் மெனோனைட் கிறிஸ்தவ சபைக்காரர்கள் பன்னிரண்டு பேர் பழைய பஸ் ஒன்றில் ஆணி, ரம்பத்தோடு வந்து இறங்கினார்கள். தலைவர் பெயர் வெர்லின் ஹோஸ்டெட்லர். தோள்பட்டி வைத்த கால்சட்டை, மீசையில்லாத தாடி, ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை. எந்த வீடு முதலில், எது அப்புறம் என்ற பட்டியல் என் பொறுப்பு. நாலாவது அக்கா வீடு, ஐந்தாவது என் வீடு.

அக்கா அவர்களுக்கு நண்டு போட்டுச் சிவப்புச் சோறு சமைத்துக் கொண்டுபோவாள். வெர்லினுக்குக் காரம் ஆகாது. கண்ணில் நீர் வடிய வடியச் சாப்பிடுவார்.

"இந்த மனுஷன் ஒவ்வொரு வாய்க்கும் ஞானஸ்நானம் எடுக்குறாரு பாரு," என்பாள் அக்கா.

"ஜன்னல் எந்தப் பக்கம் வேணும், சிஸ்டர்?" என்று அவர் கேட்டார்.

"எங்க வேணா வைங்க. கதவு மட்டும் கடலைப் பாத்து இருக்கட்டும். பழைய இடத்துலயே. ஒரு அடி தள்ளி வச்சீங்கன்னா கூட அவரு தடுமாறிடுவாரு."

யார் என்று வெர்லின் கேட்கவில்லை. குறித்துக்கொண்டார்.

தாழ்வாரத்துக்குத் தரைப்பலகை அடித்த மறுநாள் காலை வெர்லின் என்னைத் தேடி வந்தார். "பிரதர், ஒரு விஷயம் பாக்கணும்."

புதுப் பைன் பலகை, வெளுத்துக் கிடந்தது. அதன்மேல் ஈரக் காலடிகள் படியிலிருந்து ஏறி, கதவு வரவேண்டிய இடம்வரை போயிருந்தன. திரும்பி வந்த தடம் இல்லை. காய்ந்த ஓரங்களில் உப்புப் பூத்திருந்தது. நான் குனிந்து பார்த்தேன். இடது காலில் நாலு விரல்.

"உங்க ஆளுங்க யாராவது..." என்றேன்.

"எங்க ஆளுங்க எல்லாருக்கும் பத்து விரல் இருக்கு, பிரதர். எண்ணிட்டேன். நாங்க இதெல்லாம் நம்பறவங்க இல்ல. ஆனா காலடி காலடிதானே."

நான் படியிலிருந்து இரண்டடி பின்வாங்கினேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன், இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அன்று நான் இருட்டும்வரை தேடவில்லை. அரை மணி நேரம் தேடினேன். படகு ஆடிய ஆட்டத்தில் உயிர்ப்பயம் வந்து கரைக்குத் திருப்பிவிட்டேன். திருப்பும்போது பின்னால் யாரோ கூப்பிட்டது போல இருந்தது. காற்று என்று சொல்லிக்கொண்டேன். டைட்டஸ் தினமும் வீட்டுக்கு வருகிறான் என்றால் அக்காவிடம் பேசாமலா இருப்பான்?

அந்த வாரம் அக்கா இரண்டு நாள் மறுகரையில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போனாள். நான் என் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த நீல டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு வெர்லினிடம் போனேன்.

"மேற்பலகைக்கு இதை அடிச்சிடுங்க. மூணு பூச்சு."

"சிஸ்டர் கேக்கலையே."

"எங்க ஊர் வழக்கம் பிரதர். எல்லா வீட்லயும் இருக்கு, நீங்களே பாத்தீங்கல்ல? கேக்கக் கூச்சப்படுவாங்க. வந்து பாத்து சந்தோஷப்படட்டும்."

எவலீனாவாவது, கூச்சமாவது! அவர் நம்பினார். தீவு முழுக்க நீலத்தைப் பார்த்திருந்தாரே, நம்பாமல் என்ன செய்வார்? மறுநாள் சாயங்காலத்துக்குள் அடித்துவிட்டார்கள். நான் வீட்டுக்குப் போய் இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன். வெட்கக்கேடு, ஆனால் தூங்கினேன்.

வீடு முடிந்தால் அந்தச் சபைக்காரர்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் கூடி ஒரு பாட்டுப் பாடி, கையால் தைத்த போர்வை ஒன்றை வீட்டுக்காரருக்குக் கொடுப்பார்கள். தங்கை வீட்டிலிருந்து திரும்பிய அன்றே அக்கா கையுறை மாட்டிக்கொண்டு வந்தாள். படியேறினாள். போர்வையை வாங்கிக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். பாட்டு பாதியில் நின்றது.

"யாரு அடிக்கச் சொன்னது?"

பன்னிரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். அக்காவும் பார்த்தாள். படியிறங்கி ஆலயக் கூடத்துக்கே போய்விட்டாள். புது வீட்டுக்குள் ஓர் அடி வைக்கவில்லை.

மறுநாள் காலை அவளைத் தேடிப்போனபோது வீட்டுக்கு முன்னால் மணலில் நின்றுகொண்டிருந்தாள். காலடிகள் வீட்டைச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தன. ஒரு சுற்று இல்லை, நாற்பது ஐம்பது இருக்கும். படிக்கு முன்னால் மட்டும் ஒரே இடத்தில் நெடுநேரம் நின்றது போல மணல் குழிந்து, குழியில் தண்ணீர் தேங்கியிருந்தது. விரலால் தொட்டு நாக்கில் வைத்தேன். உப்பு. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் குழி முழங்கால் ஆழத்துக்கு ஆகிவிட்டது.

"அக்கா, அவன் கடல்லயே கெடக்குறவன். தண்ணிக்குப் பயப்படுவானா?" என்று ஆலயக் கூடத்தில் அவள் கட்டிலருகே போய்க் கேட்டேன். ஏதாவது பேசவேண்டும் என்றுதான் கேட்டேன்.

"தாண்டுறதுக்குப் பயம் இல்ல தம்பி. வாசலுக்கு வந்து அண்ணாந்து பாக்குறாரு. தலைக்கு மேல நீலமா தெரியுது. மறுபடியும் அடியில போயிட்டோம்னு நெனச்சுப் பதறி ஓடுறாரு. மூணு நாளா என் புருஷன் தெனமும் முங்கிச் சாகுறாரு. அவரு நொழைய முடியாத வீடு எனக்கு எதுக்கு? இந்தக் கூடத்துலயே கெடந்து சாகுறேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அக்கா, நான் அன்னிக்கு..."

"அரை மணி நேரம்," என்றாள் அவள்.

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"மொத வாரமே சொல்லிட்டாரு. நீயா வந்து சொல்லுவேன்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை உன்னை முன்வரிசையில உக்கார வச்சேனே, எதுக்குன்னு நெனச்சே? உன் மூஞ்சி நல்லா தெரியணும்னுதான்." மடியில் கிடந்த கையுறையை மடித்து வைத்தாள். "போ. போய் சுரண்டு."

சுரண்டினேன். வெர்லினும் வந்தார். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பன்னிரண்டு பேர் முன்னால், ஏணிமேல் நின்றபடியே சொன்னேன். ஒரு பெண்மணி எனக்கு இன்னொரு சுரண்டுதகடு எடுத்துக் கொடுத்தாள். மத்தியானம்வரை சுரண்டியும் பைன் பலகையின் ரேகைக்குள் இறங்கிய நீலம் போகவில்லை. உள்ளங்கை கொப்பளித்துவிட்டது.

"பலகையைக் கழட்டுவோம்," என்றார் வெர்லின். "திருப்பிப் போட்டு அடிச்சிடலாம். பின்பக்கம் சொரசொரப்பா இருக்கும். பாக்க நல்லா இருக்காது."

"பாக்குறவருக்கு அது போதும்," என்றாள் அக்கா கீழேயிருந்து.

ஒவ்வொரு ஆணியாகப் பிடுங்கி, ஒவ்வொரு பலகையாகத் திருப்பி அடித்தோம். வெளிச்சம் மங்குவதற்குள் வேலை முடிந்தது. அக்கா போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவைச் சாத்தவில்லை. மறுநாள் காலை நான் போனபோது தாழ்வாரத்தை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பாட்டு வேறு. சகிக்கவில்லை, ஆனாலும் நின்று முழுக்கக் கேட்டேன்.

அடுத்தது என் வீடு. வேலை முடியும் தறுவாயில் வெர்லின் மிச்சமிருந்த நீல டப்பாவைத் திறந்து, கலக்குகிற குச்சியோடு என்னிடம் வந்தார். "உங்களுக்கு எத்தனை பூச்சு, பிரதர்?"

"வேண்டாம்," என்றேன். "வெறும் பலகையாவே இருக்கட்டும். கதவு கடலைப் பாத்துதானே இருக்கு?"

"இருக்கு."

அவர்கள் போய் நாலு மாதமாகிறது. தினமும் விடிந்ததும் கதவைத் திறந்து தரைப்பலகையைப் பார்க்கிறேன். உலர்ந்தே கிடக்கிறது. டைட்டஸிடம் சொல்லவேண்டியதை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே காப்பி குடிக்கிறேன். பயமாகத்தான் இருக்கிறது. வராமலே இருந்துவிடுவானோ என்பது அதைவிடப் பெரிய பயம். போன ஞாயிறு ஆலய வாசலில் அக்காவிடம் கேட்டே விட்டேன்.

"அக்கா, என் வீட்டுக்கு அவன் வரவே மாட்டானா?"

வெள்ளைக் கையுறையால் என் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டு, முன்வரிசையைக் காட்டினாள்.

"தேடிக்கிட்டு இருக்காரு தம்பி. உன்னை மாதிரி அரை மணி நேரத்துல திரும்பிப் போற ஆளு இல்ல அவரு."