பொலிஸ் படிவத்தில் மட்டும் இருந்த பெயர்

யுத்த காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு தமிழர் வீட்டின் மேல்மாடியில் நானும் கணவரும் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரரை அண்ணை என்றுதான் கூப்பிடுவேன்.

தேர்தல் வந்தது. எங்களுக்கு வாக்காளர் அட்டை வரவில்லை. அடையாள அட்டை போதும் என்று நம்பிப் போய் வரிசையில் நின்றேன். அலுவலர் பட்டியலைப் பார்த்துவிட்டு என் பெயர் இல்லை என்றார். எங்கள் வீட்டு இலக்கத்தில் அவர் வாசித்த பெயர்களில் அண்ணை இருந்தார். கனடாவில் இருக்கும் அவருடைய மகன்கூட இருந்தான்.

திரும்பி வந்து கேட்டேன்.

"ஏன் அண்ணை, எங்கட பேரைப் போடேல்லை?"

"கோவிக்காதேங்கோ தங்கச்சி. பேரைப் போட்டா பிறகு வாடகைக்கு இருக்கிற ஆக்களை வீட்டை விட்டு எழுப்பேலாது எண்டு சனம் சொல்லுது."

வீட்டில் இருக்கும் தமிழர் எல்லோரையும் பதியச் சொல்லிப் பொலிஸ் பதிவுப் படிவம் வந்தபோது இதே அண்ணைதான், "உங்கட சிங்கள எழுத்து வடிவு, நீங்களே நிரப்புங்கோ" என்று என்னிடம் தந்தவர். எங்கள் அடையாள அட்டை இலக்கங்களை இரண்டு தரம் சரிபார்த்தவர். வீட்டுக்காரர் நிரப்பிக் கொடுக்கும் வாக்காளர் படிவம் எப்போது வந்து போனது என்று நான் கேட்கவே இல்லை. என் பிழை அதுதான்.

பொலிஸ் படிவத்தின் பிரதி வாசற்கதவின் பின்னால் ஒட்டியிருந்தது. மாடியேறும்போது நின்று பார்த்தேன். தேடி வருகிற பொலிஸாருக்கு நாங்கள் அந்த வீட்டில்தான் இருந்தோம். என் எழுத்து உண்மையிலேயே வடிவாகத்தான் இருந்தது.