இதழ் விரியாத எருக்கு

மாடத்திக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று எங்கள் தெருவில் பேசாத வாய் கிடையாது. புருஷனைப் பறிகொடுத்தவள் எருக்கஞ்செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிறாளாம். ஊற்றினால் இவர்களுக்கு என்ன வந்தது? பக்கத்து வீட்டுக்காரி நான் இத்தனை நாள் பொறுத்தாயிற்று. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

எழுபத்திரண்டில் துரைப்பாண்டிக்கு மூன்றாம் தாரமாகச் சங்கரன்கோவிலுக்கு வாழ வந்தவள் அவள். முதல் மனைவி பிரசவத்தில் போனாள். அடுத்தவள் மஞ்சள்காமாலையில் போனாள். அப்படிப்பட்டவன் மறுபடி கல்யாணம் செய்வதென்றால், முதலில் எருக்கஞ்செடிக்குத் தாலி கட்ட வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். செடி மூன்றாவது மனைவி ஆகிவிடும். உடனே அதை வெட்டிப் போட்டால், வருகிற கேடு அதோடு போய்விடும். பிறகு வருகிறவள் நாலாவது. அவள் உயிருக்குப் பயமில்லை. ஆனால் செடி வெள்ளெருக்காக இருக்க வேண்டும். துரைப்பாண்டியின் அம்மா அதில் கறாராக இருந்தாள்.

செடி பார்த்து வந்தது அவன் தம்பி ராமசுப்பு. "குளத்துக் கரையிலயே நிக்கும்மா, மொட்டெல்லாம் வெள்ளவெளேர்னு இருக்கு" என்றான். கல்யாணத்தன்று கிழக்கு வெளுக்கும் முன்பே லாந்தர் வெளிச்சத்தில் துரைப்பாண்டி அதற்கு மஞ்சள் கயிறு கட்டினான். செடியை வெட்டிச் சாய்த்துவிட்டுக் குளித்து வந்தார்கள்.

காலையில் மாடத்தியின் வண்டி திருவேங்கடம் பக்கத்திலிருந்து அந்தக் கரை வழியாகத்தான் வந்தது. கல்யாணப் பெண் தலையைக் குனிந்துதான் இருந்தாள். ஆனாலும் ஆடு மேய்த்து வளர்ந்தவளுக்குக் கண் சும்மா இருக்குமா? கயிறோடு கிடந்த செடியைப் பார்த்துவிட்டாள். வெள்ளெருக்கென்றால் பூ முழுக்க வெள்ளை. ஐந்து இதழும் மல்லாந்து விரிந்திருக்கும். இதன் இதழ்களோ கிண்ணம் போல நிமிர்ந்தே நின்றன. வெளியே வெள்ளை, உள்ளே நுனியில் ஊதா. இலையும் பாலும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஆனால் இது வேறு எருக்கு.

அவள் வாயைத் திறக்கவில்லை. சொன்னால் கல்யாணம் நிற்கும். கல்யாணம் நின்றுபோன பெண்ணை யார் கட்டுவார்கள்? கட்டியபின் சொன்னாலோ, அவள் ஒரு தும்மல் போட்டால்கூட அந்த வீடு செத்துப் பிழைக்கும். பயத்தை அவளே வைத்துக்கொண்டாள், பாவம். என்னிடமே வெகுநாள் கழித்துத்தான் சொன்னாள்.

எருக்கு வெட்டினால் சாகிற செடியா? அடுத்த மழைக்கே தூரிலிருந்து தளிர்த்தது. பூத்தால் யாராவது உற்றுப் பார்த்துவிடுவார்களே என்று, புல்லறுக்கப் போகிற சாக்கில் அதை வெட்டிவிட்டு வருவாள். சில வருஷம் அவள் போகும் முன்பே யாரோ வெட்டியிருப்பார்கள். ரோட்டு வேலைக்காரர்களாக இருக்கும் என்று நினைத்துக்கொள்வாள்.

துரைப்பாண்டியோ அவளை விட்டு நகர மாட்டான். கிணற்றுக்குப் போனால் பின்னாலேயே போவான். லேசாக இருமினாலும் சைக்கிளில் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவான். பிரசவத்தின்போது சோறு தண்ணி இல்லாமல் ஆஸ்பத்திரி வாசலிலேயே கிடந்தான். மகன் பிறந்திருக்கிறான் என்றதற்கு, "அவ எப்படி இருக்கா?" என்றுதான் கேட்டான். "அண்ணாச்சி பொண்டாட்டிக்குக் காவக்காரரால்லா இருக்காரு" என்று கேலி செய்தார்கள். சந்தேகப்படுகிறான் என்றும் சிலர் சொன்னார்கள். மாடத்தியே ஒருநாள் கிணற்றடியில் வெடித்தாள். "நான் என்ன ஓடியா போயிருவேன்? எதுக்கு இப்படிப் பின்னாலயே வாரீங்க?" அவன் வாளியை வாங்கித் தண்ணீர் இறைத்தான்.

எண்பத்தைந்தில் அவன் நெஞ்சுவலியில் படுத்தான். டாக்டர் கையை விரித்துவிட்டார். கஞ்சி கொண்டுபோன நான், உள்ளே பேச்சுச் சத்தம் கேட்டு வாசலிலேயே நின்றேன்.

"மாடத்தி, கரையில அந்த எருக்கு தளுத்திருக்கும். இந்தத் தடவ என்னால போவ முடியல. நீ வெட்டிப் போட்டுரு. பூவ யாரும் பாத்திரக் கூடாது."

 அவனே மேலும் சொன்னான்: "கயிறு கட்டக் குனிஞ்சப்பவே பாத்தேன்ட்டி. பூவுக்குள்ள ஊதா. சொன்னா கல்யாணம் நின்னுரும், நீ சீரழிஞ்சிருவன்னு பேசாம கட்டிட்டேன். அன்னையிலருந்து ஒன்ன எப்பப் பறிகொடுப்பனோன்னு பயந்துக்கிட்டேதான் கெடக்கேன்."

நான் கஞ்சியைத் திண்ணையில் வைத்துவிட்டேன். மாடத்தியின் குரல் நடுங்கவில்லை.

"நல்லாப் பாத்தீங்க போங்க! அது வெள்ளெருக்குதான். வண்டியில வரும்போது நானே பாத்தேன். ஆடு மேச்சவளுக்குத் தெரியாதா?"

"நெசமாவா?"

"நெசமாத்தான். கண்ண மூடித் தூங்குங்க."

அவன் தூங்கினான். மறுநாள் காலையில் உயிர் போய்விட்டது.

அவன் காலைப் பிடித்துக்கொண்டு அவள் அலறினாள்: "அந்தச் செடி வாங்க வேண்டியத நீங்க வாங்கிக்கிட்டீங்களே!" கூடியிருந்தவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. கிறுக்கு என்ற பேச்சு அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

அவன் போனதிலிருந்து அவள் செடியை வெட்டவில்லை. போன வாரம் நானும் கூடப் போனேன். இடுப்பளவு வளர்ந்து, ஊதா நுனியோடு எல்லாரும் பார்க்கப் பூத்து நிற்கிறது. மாடத்தி குளத்திலிருந்து ஒரு குடம் மொண்டு வந்து தூரில் ஊற்றினாள். மனசு பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"இவளும் அவரு தாலி கட்டுனவதானக்கா" என்றாள். "நானும் அவரும் வருசாவருசம் இவள வெட்டிக்கிட்டே இருந்தோம். இனியாவது இருந்துட்டுப் போவட்டும்."