குப்பையை மறித்த ஆதிமூலம்

சங்கராபுரத்தில் எங்கள் தெருமுனையில் ஆதிமூலத்துக்கு வாடகைக்கு விட்ட ஒரு வீடும், அதை ஒட்டி ஒரு காலி மனையும் இருந்தன. வீடு அவருடையது என்பதைத் தெரு ஒப்புக்கொண்டது. மனை மட்டும் பொதுச்சொத்து என்று அவரவரே தீர்மானித்துக்கொண்டார்கள். சலூன் முடி, கோழிக்கடை இறகு, ஓட்டல் எச்சில் இலை எல்லாம் அங்கேதான் வந்து சேரும்.

மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போட்டு ஓய்வு பெற்றவர் அவர். வாடகையை நம்பித்தான் குடும்பம். நாற்றம் தாங்காமல் இரண்டு குடித்தனங்கள் காலி செய்துவிட்டன. மூன்றாவதாக வந்த நர்ஸ் அம்சவள்ளியும் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னார்:

"இந்த நாத்தத்துல எப்பிடிங்க சோறு துன்றது? தீபாவளிக்குள்ள ஒரு வழி பண்ணுங்க. இல்லாட்டி நான் வேற வூடு பாத்துக்கறேன்."

ஆதிமூலம் 'இங்கே குப்பை கொட்டாதீர்' என்று பலகை வைத்தார். அதுவரை இடம் தெரியாமல் தவித்தவர்களுக்கும் இடம் தெரிந்தது. எதிர்வீட்டுக்காரர் பாவாடையைக் கூடையும் கையுமாகப் பிடித்தார்.

"இன்னாய்யா இது? பலகைய படிக்கல?"

"படிச்சேங்க. அதான் அதுமேல படாம ஓரமா கொட்டறேன்."

எண்பத்தேழு செப்டம்பரில் எங்கள் சனங்களுக்கு இடஒதுக்கீடு கேட்டுப் போராட்டம் வந்தது. ஊர் ஊராகப் புளியமரங்களை வெட்டிச் சாலையில் சாய்த்தார்கள். அந்தப் பக்கமே தலைகாட்டாத ஆதிமூலத்துக்கு, மனைக்கு முள் வெட்டிப் போடும் யோசனை சரியாக அந்த வாரம்தான் உதித்தது. வேலிக்காத்தானை வெட்டிக் குவித்தார். பாதி மனையில் கிடந்தது, பாதி ரோட்டில்.

போலீஸ் ஜீப் வந்து நின்றது.

"ரோட்ட மறிச்சது நீதானா?"

"ரோட்ட இல்லீங்க. குப்பையத்தான் மறிச்சேன்."

"கையில அருவா, ரோட்ல முள்ளு. இதுல கத வேறயா? ஏறு."

ஜாமீனில் அவர் திரும்பிவந்தபோது தெருமுனையில் கூட்டம். பாவாடை மாலையோடு நின்றிருந்தார்.

"நமக்கோசரம் உள்ள போயிட்டு வந்திருக்காரு அண்ணன். இனிமே அண்ணன் மனையில எவனாச்சும் குப்ப போட்டான், கைய ஒடிச்சிடுவேன்!"

ஆதிமூலம் நடந்ததைச் சொல்ல வாயெடுத்தார். பக்கத்தில் நின்ற மனைவி ஜெயம்மாள் முந்திக்கொண்டார். "வாய மூடிக்கினு மாலைய வாங்கிக்குங்க."

மனை சுத்தமானது. அம்சவள்ளி ஜன்னலைத் திறந்துவைத்துச் சாப்பிட்டார், தீபாவளிப் பலகாரமும் அங்கேயே சுட்டார். தியாகியைக் கூட்டத்துக்குக் கூட்டம் மேடையேற்றினார்கள். கால்வலி என்று சொல்லி ஒருமுறை போகாமல் இருந்து பார்த்தார். மறுநாள் விடிந்தபோது மனையில் ஒரு கிழிந்த பாயும் செத்த கோழி ஒன்றும் கிடந்தன.

அடுத்த ஊர்வலத்தில் முதல் வரிசையில் கொடி பிடித்து நடந்தவர் ஆதிமூலம்தான். கோஷமும் அவருடையதுதான் பலமாகக் கேட்டது.