முட்டி என்று சொன்ன வலி

விருதுநகர் ரோட்டில் வலது காலை அகட்டி வைத்து நடந்துகொண்டிருந்தேன். பின்னால் சிவகாசியும், அங்கே நான் பேப்பர் பண்டல் ஏற்றிக்கொண்டிருந்த குடோனும். முன்னால் ரயில் நிலையம். எந்த ஊருக்கு என்று முடிவு செய்யவில்லை. எட்டாம் வகுப்பை விட்ட பிறகு நான் பாதியில் விட்டுவந்த மூன்றாவது வேலை அது.

நாலு நாளைக்கு முன்னால், ஒரு காலை லாரியிலும் ஒரு காலைக் குடோன் படியிலும் வைத்து பண்டல் வாங்கும்போது லாரி ஒரு சாண் நகர்ந்துவிட்டது. தொடை இடுக்கில் சுரீர் என்றது. அந்த இடத்தை வாய்விட்டு எப்படிச் சொல்வது? முட்டி என்றேன். என்னை வீட்டில் வைத்திருந்த அத்தை மூன்று நாளும் முட்டிக்குத் தைலம் தேய்த்தாள். முட்டி பளபளத்ததுதான் மிச்சம்.

ஆனைக்குட்டத்துக்குப் பிரியும் இடத்தில், வேலை முடிந்த பெண்களை ஏற்றிக்கொண்டு அத்தை வேலை பார்க்கும் காலண்டர் கம்பெனி வேன் வந்து நின்றது. ஜன்னலில் அத்தை.

"ஏலே, எங்கன போற?"

"சும்மா."

"சும்மா போறவனுக்குத் துணிப்பை எதுக்கு? ஏறுலே."

"கவட்டைல பானையை வச்ச மாதிரில்ல நடக்கான்!" என்றாள் ஒருத்தி. வேனே சிரித்தது. அத்தை மட்டும் சிரிக்காமல் என் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வீட்டுக்குக்கூடப் போகாமல் அடுத்த தெரு நர்ஸம்மாவிடம் கூட்டிப்போனாள். அவர் அத்தையை வெளியே இருக்கச் சொன்னார். முட்டியைத் தொட்டும் பார்க்கவில்லை. என்னைப் படுக்க வைத்து, இரண்டு முட்டிக்கும் நடுவில் தன் கையை மடக்கி வைத்து, "அமுக்குப்பா" என்றார். அமுக்கினேன். அலறினேன்.

"இதுக்கு ஏன் வெக்கம்? சதை இழுத்துக்கிருச்சு, அம்புட்டுத்தான். தேய்க்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது. இப்படியே நடந்து திரிஞ்சேன்னா மாசக்கணக்கா நொண்டுவ."

பிறகு வெளியே போய் அத்தையிடம் நெடுநேரம் பேசினார். தினமும் பயிற்சி செய் என்று என்னிடம் சொன்னால் ஒரு நாள்கூடச் செய்யமாட்டேன் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

மறுநாள் காலை, அத்தையின் பக்கத்து ஸ்டூலில் எனக்குக் காலண்டர் சுருட்டும் வேலை.

"சுருட்டுனதை முட்டிக்கு நடுவுல வச்சு மெதுவா அமுக்கு. அஞ்சு எண்ணு. பெறகு ரப்பர் பேண்டு போடு. வலிக்கிற அளவுக்கு அமுக்காத, தாள் மடங்கிரும்."

மற்றவர்கள் சுருட்டினார்கள், ரப்பர் பேண்டு போட்டார்கள், அவ்வளவுதான்.

"அவுக மட்டும் ஏன் அத்தை அமுக்கல?"

"அவுகளுக்குக் கை பழகிருச்சு. நீ புதுசு."

முந்தின நாள் வேனில் சிரித்தவர்கள் எல்லாரும் அங்கேதான் இருந்தார்கள். ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. குனிந்த தலை நிமிரவில்லை.

அதன் பிறகு எத்தனையோ ஊர் நடந்துவிட்டேன், நொண்டாமல். பல அச்சகங்களில் வேலை பார்த்தேன். காலண்டரை முட்டிக்கு நடுவில் வைத்து அமுக்குகிற ஓர் ஆளை எங்கும் பார்க்கவில்லை. அந்தக் காலையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான்: அந்த மேஜையிலேயே கெட்டியான சுருள் என்னுடையது.