பாறைப் பொடியில் ஒட்டிய பேரியம்

கடலடித் தட்டு பூமிக்குள் அமிழும்போது, அதிலிருந்து கசியும் நீர் பேரியம் என்னும் உலோகத்தை எரிமலைக் குழம்புக்குள் கொண்டுசேர்க்கும். அந்தமான் எரிமலைப் பாறையில் அந்தச் சொற்ப பேரியத்தை அளப்பதுதான் என் ஆய்வு. முடிவு வந்தது. நம்பவே முடியாத அளவுக்குப் பேரியம் கூடுதல்! மறுநாள் ஆய்வுக்குழுவின் முன் நிற்க வேண்டும்.

பாறைப் பொடியை ஆய்வகத்துக்குக் கொண்டுபோன வழியில் சிவகாசி வீட்டில் ஒரு நாள் தங்கியது அப்போதுதான் உறைத்தது. அம்மா பட்டாசுக் கம்பெனியில் பச்சை மத்தாப்புக்கு மருந்து முக்குகிறவள். அந்தப் பச்சை நிறத்தைத் தருவதும் பேரிய உப்புதான்; வயிற்றுக்குள் போனால் விஷம். உடனே போன் போட்டேன்.

"ஆமா, கவர் கிழிஞ்சிருந்துச்சு. வேலைவிட்டு வந்த கையோட வேற கவர்ல மாத்துனேன். ஏம்லே?"

"போச்சும்மா! உன் கைத்தூசி ஒட்டி எல்லாம் கெட்டுப்போச்சு."

"கல்லுல ஒட்டுனதுக்கா இம்புட்டு பதறுத? நான் அந்தத் தூசியிலதாம்லே உக்காந்து சோறு திங்கேன்" என்று சிரித்தாள்.

குழுவிடம் நடந்ததைச் சொல்லி, மீதிப் பாறையைப் பொடித்து மறுபடி அளந்தேன். ஆய்வு பிழைத்தது. ஆனால் அம்மாவை அதுவரை ஒரு டாக்டரிடமும் நான் கூட்டிப்போனதில்லை.