புகை எந்தப் பக்கம்

கொச்சங்காடியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு மிளகாய்க் கிடங்கு. சாயங்காலமானால் கிழிந்த சாக்கையும் பிளாஸ்டிக்கையும் கூட்டிப் போட்டுக் கொளுத்துவார்கள். நான்கு வயதுப் பேத்திக்கு இரண்டாவது முறையாக மூச்சிழுப்பு வந்தபோது, இன்னொரு தடவை இழுத்தால் குழந்தையைப் பாலக்காட்டில் தன் மாமியார் வீட்டில் விட்டுவிடுவேன் என்று மகள் சொல்லிவிட்டாள்.

மாநகராட்சிச் சுகாதாரப் பிரிவில் இருந்த காலமெல்லாம் பிறருடைய புகார்களைத் திருப்பி அனுப்பியவன் நான். எப்படி எழுதினால் திரும்பி வராது என்று தெரியும். கிடங்கின் மேல் அப்படியே ஒரு புகார் எழுதினேன். இரண்டே நாளில், முன்பு என் கீழே வேலை பார்த்த இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். அரசாங்கம் இவ்வளவு வேகமாக இயங்கியதில் எனக்கே சந்தேகம்.

அன்று பார்த்துக் கிடங்கில் எதுவும் எரியவில்லை. பின்பக்கம் சுற்றிவிட்டு வீட்டுக்குள் வந்தவர் மூக்கைச் சுருக்கினார். வெளிப்புகை வராமல் ஜன்னல்களை அடைத்துவிட்டு, உள்ளே காற்று சுத்தமாகட்டும் என்று என் மனைவி சாம்பிராணி போட்டிருந்தாள். குளித்துவந்த குழந்தையின் ஈரத்தலைக்கும் அதே புகை.

"சாரே, வெளியில புகை ஒண்ணும் இல்லையே. உள்ளதானே இருக்கு."

"இது சாம்பிராணி தம்பி, சளிக்கு நல்லது," என்றாள் மனைவி. "சாயா குடிச்சிட்டுப் போங்க."

அவர் குடித்துவிட்டுப் போனார். சாம்பிராணி நின்றது. மனைவி என்னோடு பேசுவதும் நின்றது, புகார் கொடுத்தவன் நான் என்பதால்.

ஜன்னலைத் திறந்தோம். கிடங்கின் மிளகாய்த் தூசி வந்து எல்லோரும் தும்மினோம். மூடினோம். அலமாரிக்குப் பின்னால் சுவர் ஓதம் ஏறிக் கறுத்தது. பிளீச்சிங் பவுடர் கரைத்துத் துடைத்தேன்; அந்த நெடிக்குக் குழந்தை இருமியது. புகையும் தூசியும் ஈரமும் கூடாது, காற்றோட்டம் வேண்டும் என்றார் டாக்டர். அப்படியானால் ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா என்று கேட்டேன். நிலைமைக்குத் தக்கபடி பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். நானே பலருக்கு எழுதிய பதில்தான். வாங்கிக்கொள்ளும்போது எவ்வளவு பயனற்றது என்று தெரிந்தது.

அந்த வாரக் கடைசியில் மறுபடி இழுத்தது. அன்று கொளுத்தலும் இல்லை, சாம்பிராணியும் இல்லை, பிளீச்சிங்கும் இல்லை. மழைதான் பெய்தது. ஆஸ்பத்திரியில் முகமூடி வைத்து மருந்துப்புகை கொடுத்ததும் அடங்கியது. புகைக்கு மருந்தும் புகையாகவே இருப்பதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மகள் குழந்தையின் துணிகளைப் பெட்டியில் அடுக்கினாள். பாலக்காட்டு வீட்டுக்கு எதிரிலேயே அரிசி மில், நாள் முழுக்க உமித்தூசி. அதைச் சொன்னேன்.

"தெரியும்ப்பா," என்றாள், நிமிராமலே. "இங்கயே இருந்தா சரியாகும்னு நீங்க எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்க. கூட்டிட்டுப் போகல."

இந்தப் பகுதியில் பாதி ஹோட்டல்களுக்குச் சுகாதாரச் சான்று கொடுத்தவன் நான். சட்டைப்பையில் பேனா இருந்தது. குழந்தை என் மடியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அது எதனால் என்றும் எனக்குத் தெரியவில்லை. மகள் என் சட்டைப்பையைப் பார்த்தாள்; பிறகு பெட்டியை மூடினாள்.